யார் அளந்தது சரி?

பச்சையாக ஒளிரும் அதே பாக்டீரியாவின் ஒளிர்வை அளந்து ஓர் ஆய்வகம் 500 என்கிறது, இன்னொன்று 50,000 என்கிறது. இதில் யார் புளுகுகிறார்கள்?

இருவருமே இல்லை. ஆளுக்கொரு படியில் நெல்லை அளந்தால் கணக்கு ஒத்துவருமா? இரண்டும் அலகில்லாத எண்கள். அந்தந்தக் கருவிக்கு மட்டுமே செல்லும். இதற்கு மருந்து, கருவிழிக் கீறலைப் பார்க்கக் கண் மருத்துவர் இடுகிற அதே ஃப்ளோரசின் சாயம்தான்! அதைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, முதலில் அதைக் கொண்டு கருவியை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பாக்டீரியாவை எண்ண, ஏறத்தாழ அதே பருமனுள்ள சிலிக்கா மணிகள். 2018-இல் ஐஜெம் (iGEM) என்னும் செயற்கை உயிரியல் போட்டியையொட்டி 244 ஆய்வகங்கள் இம்முறையைச் சோதித்து, எண்களை ஒப்பிட முடியும் என்று காட்டின.

பொது அளவுகோல் இல்லாத இடத்தில் ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாதது அறிவியலும் ஆகாது.