டீச்சரம்மாவின் மஸ்டாங்

1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்வீனைச் சுமந்து சீறிப் பாய்ந்த பச்சை நிற மஸ்டாங் எங்கே போனது என்று கார்ப் பைத்தியங்கள் பல காலம் துப்பறிந்தார்கள். அதுவோ நியூ ஜெர்சியில் ஸ்கூலுக்குப் போய்வந்துகொண்டிருந்தது! 1974-இல் பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கியவரின் மனைவி ஆசிரியை. வில்லன்களை விரட்டிய 390 கன அங்குல வி8 எஞ்சின், முதல் மணி அடிப்பதற்குள் டீச்சரம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1977-இல் மெக்வீனே கடிதம் போட்டார்: வண்டியைத் திருப்பித் தர முடியுமா, விலை மட்டும் ரொம்ப ஏறக் கூடாது என்கிற தொனியில். ஹாலிவுட் நட்சத்திரமானாலும் பழைய கார் என்றால் பேரம்தான். படியவில்லை.

1980 வாக்கில் கிளட்ச் போனது, வண்டி ஓரங்கட்டப்பட்டது. 2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் துருவும் கீறலுமாகவே மேடையேறியது. 2020 ஏலத்தில் 34 லட்சம் டாலர். பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் மதிப்பு குறைந்திருக்குமாம். காரைக் கழுவாமலே வாசலை அடைத்து நிறுத்தும் எதிர்வீட்டுக்காரர் கண்ணில் இந்தச் செய்தி படாமலிருக்க வேண்டும்.