119 நாள் அண்ணன்

கல்யாணத்துக்கு அண்ணன் வருவார். தாலி கட்டும்போது மண்டபத்தில் இருப்பாரா என்பதை மட்டும் அவருடைய ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்கு ஃபிளாட் வாங்கி, பத்து வருஷ கோல்டன் விசா கைக்கு வந்த நாளிலிருந்து, அண்ணனுக்கு இந்தியா ஒரு எக்ஸெல் ஷீட். ஏப்ரல் 1-ல் தொடங்கும், மார்ச் 31-ல் முடியும். இங்கே கழித்த நாளெல்லாம் சிவப்புக் கட்டம். முன்பு 182 நாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். என்ஆர்ஐ அந்தஸ்துக்குப் பங்கமில்லை. 2020 பட்ஜெட்டில், இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு அதை 120 ஆக்கிவிட்டார்கள். அண்ணா நகரில் அண்ணனுக்குக் கடை வாடகை வருகிறதே! 62 நாளை அரசாங்கம் ஜப்தி செய்துவிட்டதாகவே பேசினார். முந்தைய நான்கு வருஷக் கூட்டல் 365-ஐத் தொடக்கூடாது என்று இன்னொரு கணக்கும் உண்டு. அதை அவர் விளக்க ஆரம்பித்தால் சாம்பார் ஆறிவிடும்.

இறங்கும் நாளும் கணக்கில் சேரும், கிளம்பும் நாளும் சேரும் என்று யாரோ சொல்லிவைத்ததில் மனிதர் தூக்கத்தைத் தொலைத்தார். போன தையில் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியது இரவு 11.20-க்கு. பின்னால் வந்தவர்களெல்லாம் வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். அண்ணனைக் காணோம். போனும் எடுக்கவில்லை. சுகர் பேஷண்ட் ஆச்சே என்று நாங்கள் பதறிக்கொண்டிருக்க, பன்னிரண்டரைக்குச் சிரித்தபடி வருகிறார்.

"இமிக்ரேஷனுக்கு முன்னாடி பாத்ரூம்ல உக்காந்துட்டேன் தம்பி. தேதி மாறினப்புறம்தான் முத்திரை. ஒரு நாள் மிச்சம்!"

கத்தரிக்காயோடு கொத்துமல்லிக் கட்டைச் சும்மா வாங்கி வந்தவர் முகம்.

கிளம்புவதிலும் இதே சிக்கனம். இரவு விமானம் நடுநிசியைத் தாண்டினால் ஒரு நாள் போச்சு. அதனால் ரிசப்ஷனில் மொய் எழுதுவார், போட்டோவுக்கு நிற்பார், பாயசம் வருவதற்குள் டாக்ஸியில் இருப்பார். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் முதல் பாதியில் மட்டும்தான் அண்ணன். போர்டிங் பாஸ் ஒன்றையும் எறிந்ததில்லை. பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்.

எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இங்கேயே குடியிருப்பவனாகக் கருதலாம் என்று அதே பட்ஜெட் சொன்னது. குடிமகனாக இருந்தால்தானே என்று பாஸ்போர்ட்டையே மாற்றக் கிளம்பினார். துபாய்க் குடியுரிமை காசுக்குக் கிடைக்காது. கரீபியனில் செயின்ட் கிட்ஸ் 1984-லிருந்து விற்கிறது. வருமான வரி கிடையாது, இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தால் ஆகும்.

"அங்கே போய் இருக்கப் போறீங்களாண்ணே?"

"எதுக்குடா?"

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியக் குடியுரிமை போகும் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு நின்றது.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், பிப்ரவரியில் அண்ணனைப் பெற்ற பெரியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்வரை. அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "ஏப்ரல் வரைக்கும் தாங்குமா தம்பி?" பணம் உடனே வந்தது, தாராளமாகவே வந்தது. பெட்பான் வைத்தவள் என் மனைவி. ராத்திரி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். எங்களுக்கும் வேலை இருக்கிறது. நாங்கள் வரியும் கட்டுகிறோம். வீடியோ காலில் வந்து ஃபிசியோதெரபிஸ்டை மாற்றச் சொல்பவருக்கு இதை யார் சொல்வது?

பெரியம்மாதான் மூன்றாம் நாள் கேட்டார்: "அவனுக்கு இந்த வருஷம் இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

"அஞ்சு."

"இப்ப வரவேணாம்னு சொல்லு. பத்திரமா வெச்சிருக்கட்டும், எனக்கே வேண்டியிருக்கும்."