விருதுப் பட்டியலார்

கேரள அரசு ஒரு கலை விருதை அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தவர் வீட்டுக்கு லட்டு வந்து சேர்வதற்குள், கிடைக்காதவர் வீட்டில் முதல் பெருமூச்சு எழுவதற்குள், விக்கிப்பீடியாவில் அந்த விருதின் பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கும். ஆண்டு, பெயர், துறை, கடைசியில் சின்னதாக ஒரு மேற்கோள் எண். அந்த வரியைச் சேர்த்த புண்ணியவானுக்குச் சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது, பெரும்பாலும் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. அவர்தான் பட்டியலார். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவருக்கு மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பது தெரியாது. யார், எந்த ஊர், எவ்வளவு என்பது மட்டும் நோட்டில் பிசகாமல் ஏற வேண்டும். இவரும் அந்த ஜாதிதான்.

பட்டியலார் தழைத்து வளரத் திருவனந்தபுரம் தோதான ஊர். திரைப்பட விருது, ஜே.சி.டேனியல் புரஸ்காரம், எழுத்தச்சன் புரஸ்காரம், ஸ்வாதி புரஸ்காரம், ராஜா ரவிவர்மா புரஸ்காரம் என்று அரசு அள்ளிக் கொடுப்பதெல்லாம் இந்தத் தலைநகரிலிருந்துதான். சரிபார்க்க வேண்டுமென்றால் பாளையத்தில் 1829இல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. படம் பார்க்க வேண்டுமென்றால் 1935இல் திறந்த ஸ்ரீசித்ரா கலைக்கூடம் இருக்கிறது. பட்டியலார் முன்னதற்கு அடிக்கடி போவார். பின்னதன் வளாகத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இருப்பதை அவர் ஐந்து மேற்கோள்களுடன் நிறுவியிருக்கிறார்; நேரில் போய்ப் பார்க்கத்தான் நேரம் அமையவில்லை.

பகலில் அவர் யாராகவும் இருக்கலாம். டெக்னோபார்க்கில் வேறு யாருடைய நிரலையோ திருத்திவிட்டு வந்து இரவில் உலகத்தைத் திருத்துகிறவராக இருக்கலாம். தலைமைச் செயலகத்தில் முப்பது ஆண்டு கோப்பு பார்த்து ஓய்வு பெற்று, கோப்பில்லாத வாழ்க்கை கசந்தவராக இருக்கலாம். சாலைக் கடைத்தெருப் பக்கம் வளர்ந்த தமிழராக இருந்தால் அவருக்கு இரட்டை உத்தியோகம். மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பரிலும், தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரிலும் தொடங்கின. இரண்டிலும் கணக்கு வைத்துக்கொண்டு, மலையாளத்தில் ‘பஞ்சாயத்து’ பக்கத்தில் ஒரு வழக்கும் தமிழில் ‘ஆலமரத்தடி’ப் பக்கத்தில் ஒரு வழக்குமாக ஒரே இரவில் இரண்டு ஊர்ப் பிராதுகளை நடத்துவார்.

அவருடைய வேதத்தில் முதல் வாக்கியம்: மேற்கோள் எங்கே? உரையாடல் பக்கங்களில் இப்படித்தான் போகும்.

“மாஷே, இந்தப் பெயருக்கு ஆதாரம் இல்லையே?”

“அண்ணாச்சி, விருது கொடுத்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.”

“அது சொந்த ஆய்வு, மாஷே. செல்லாது. பத்திரிகையில் வந்ததா?”

கேலிக்காகச் சொன்னதல்ல, விதியே அப்படித்தான். தொகுப்பவர் கண்ணால் கண்டது ஆதாரம் ஆகாது. அச்சில் வந்ததைக் காட்ட வேண்டும். மறுநாள் மாஷ் நாளிதழ் துணுக்கோடு வருவார். அதில் பெயரின் தலைப்பெழுத்து தவறாக இருக்கும். அது தவறு என்று நிறுவ இன்னொரு நாளிதழ் வேண்டும்.

ராஜா ரவிவர்மா புரஸ்காரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2001இல் அதன் முதல் விருது கே.ஜி.சுப்ரமணியனுக்குப் போனது. பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் தலைமுறைகளை உருவாக்கிய ஓவியர். பட்டியலாரின் கவலை அதுவல்ல. சுப்ரமணியன் பிறந்தது கண்ணூர்ப் பக்கம் கூத்துப்பறம்பில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில். அப்படியானால் ‘தமிழக ஓவியர்கள்’ பகுப்பா, ‘கேரள ஓவியர்கள்’ பகுப்பா? அவரோ உயிர்விட்டது பரோடாவில். மூன்று மாநிலமும் உரிமை கோரலாம். ஒருவர் சேர்ப்பதை மற்றவர் நீக்குவார். 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை விழலாம். ஆகவே இந்தத் துறையில் கைதேர்ந்தவர்கள் மூன்றாவது முறையோடு நிறுத்திக்கொண்டு, அலாரம் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

2007இல் வந்தது பெரிய சோதனை. அவ்வாண்டு இதே விருதுக்கு அரசு ஓவியர் எம்.எஃப்.ஹுசைனைத் தேர்ந்தெடுத்தது. வழக்குப் போட்டார்கள், விருதை வழங்கக் கேரள உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாடே கருத்துச் சுதந்திரம் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது பட்டியலார்கள் அதைவிட நுட்பமான கேள்வியில் மூழ்கினால் வியப்பில்லை: கட்டத்தில் ஹுசைன் பெயரைப் போடுவதா? தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெற்றவர் ஆவாரா? போடாமல் விட்டால் அரசாணைக்குத் துரோகம், போட்டால் நீதிமன்றத்துக்கு விரோதம். இதுபோன்ற சங்கடங்களுக்கென்றே கடவுள் அடிக்குறிப்பைப் படைத்திருக்கிறார்.

பட்டியலுக்குப் படம் வேண்டாமா? இங்கேதான் உச்சகட்ட வேடிக்கை. ஓவியர்களுக்கான விருதுப் பட்டியலில் ஓவியம் போட முடியாது. இந்தியச் சட்டப்படி படைத்தவர் இறந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. ஹுசைன் 2011இல் இறந்தார். 2072 பிறந்தால்தான் அவர் வரைந்த குதிரைகள் கட்டவிழும். சுப்ரமணியனுக்கு 2077. ரவிவர்மா 1906இலேயே போய்விட்டதால் அவர் படங்களுக்குத் தடையில்லை. ஆக, அவர் பெயரில் விருது வாங்கிய எல்லாருடைய பட்டியலுக்கும் மேலே அவர் படமே நிற்கும். சிற்பிகள் பாடு தேவலை. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம்பிடித்து வெளியிட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால்தான் சங்குமுகம் கடற்கரையில் 87 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் கானாயி குஞ்ஞிராமனின் சாகரகன்யகைக்கு இணையத்தில் பஞ்சமில்லை. பட்டியலார் வீட்டை விட்டு வெளியே வரும் அபூர்வ நாள் அது: மாலை வெயில், மக்கள் கூட்டம், நடுவில் ஒருவர் சிற்பத்தைப் பாராமல் எடுக்கப்போகும் படத்தின் உரிமக் குறிப்பை யோசித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்குத் திரும்பியதும் அடுத்த வழக்கு: பெயரை ‘குஞ்ஞிராமன்’ என்று எழுதுவதா, ‘குஞ்சிராமன்’ என்பதா?

பட்டியலார் இனத்துக்குள் உட்பிரிவுகள் உண்டு. சேர்ப்பவர், நீக்குபவர், காற்புள்ளி மட்டும் திருத்துபவர், கட்டங்களுக்கு வண்ணம் பூசுபவர், எதையும் தொடாமல் எல்லாருக்கும் அறிவுரை எழுதுபவர். கடைசி ஆள்தான் சந்திப்புக் கூட்டங்களில் அதிகம் பேசுவார்.

வெளிநாட்டுக் கலை விருதுகளும் இவர்களை நிம்மதியாக விடுவதில்லை. பிரிட்டனின் டர்னர் பரிசு 1984இல் தொடங்கியது. 1990இல் புரவலர் இல்லாமல் பரிசே இல்லை. ஒரு வெற்றுக் கட்டம். 2019இல் இறுதிச் சுற்றுக்கு வந்த நால்வரும் எங்களைப் பிரிக்காதீர்கள் என்று கேட்டு நால்வருமே வாங்கிக்கொண்டார்கள். உலகம் அதை ஒற்றுமையின் அடையாளம் என்று கொண்டாடியது. ஒரு கட்டத்தை நான்காகப் பிளக்கும் நிரல் வரியை யாரோ ஒருவர் விடியவிடிய எழுதியதை எவரும் கொண்டாடவில்லை.

மேற்கோள் பக்தி எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய வரைவுக் கட்டுரையை 2018 மே மாதம் போதிய ஆதாரம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டுரை அன்றே வந்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு இவரைக் கேலி செய்து முடிக்க மனம் வரவில்லை. விருது கொடுக்கிறவர்களுக்குக் கொடுத்த மறுநாளே அது பழைய செய்தி. இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்கள் காணாமல் போகின்றன; ‘இறந்த இணைப்பு’ என்று குறியிட்டு, இணைய ஆவணக் காப்பகத்தில் அதன் நகலைத் தேடிப் பிடித்து ஒட்டுகிறவர் இவர்தான். அடுத்த விருதுச் செய்தி எழுதும் நிருபர் முன்பு வாங்கியவர்களின் பெயர்களை எடுப்பதும் பெரும்பாலும் இவர் பட்டியலிலிருந்துதான். அந்தச் செய்தியையே ஆதாரமாகக் காட்டி இன்னொரு பட்டியலார் அதே வரிக்கு மேற்கோள் சேர்த்துவிடுவார். பட்டியலைப் பார்த்துச் செய்தி, செய்தியைப் பார்த்துப் பட்டியல். இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி பழைய தாள்தான்.

ரவிவர்மா கதையிலேயே அது தெரியும். 1873இல் வியன்னா கண்காட்சிக்குப் போன அவருடைய நாயர் பெண் ஓவியத்துக்கு அங்கே கிடைத்ததை ஒரு நூல் பரிசு என்கிறது, இன்னொன்று பதக்கம் என்கிறது, மற்றொன்று நற்சான்றிதழ் என்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒரு பட்டியலார் இருந்திருந்தால் இந்தத் தகராறு வந்திருக்காது.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கலைக் கண்காட்சி மலரோ, விருது விழா அழைப்பிதழோ, மஞ்சளேறிய நாளிதழ்த் துண்டோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து, அந்த விருதின் உரையாடல் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். பட்டியலார் பார்த்துக்கொள்வார். நன்றி சொல்வாரா என்று கேட்காதீர்கள். பக்க எண்ணைத்தான் கேட்பார்.