நீ என்னலே செஞ்ச?

எங்கள் வீட்டு அலமாரியில் இப்போதெல்லாம் மக்ரூன் தீர்வதே இல்லை. எனக்குச் சர்க்கரை. வருகிற பிள்ளைகளுக்கு அது தெரியும். ஆனாலும் தூத்துக்குடியில் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதென்று அவர்களுக்கு வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறார்கள் என்றுதான் என் மனைவி முதலில் நினைத்தாள். அவர்கள் வருவது ‘சார்ட்டர்டு இன்ஜினியர்’ விண்ணப்பத்துக்கு. அதைப் படித்துப் பார்க்க ஒரு பழைய ஆள் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பழைய ஆள் என்றால் நான், இன்னும் இரண்டு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் எல்லாவற்றையும் கேட்பார். அதனால் அவரிடம் யாரும் போவதில்லை.

நான் டிப்ளமோக்காரன். தூத்துக்குடி புதுத் துறைமுகத்தைப் பெருந்துறைமுகமாக அறிவித்தது 1974 ஜூலை 11. அதையடுத்த வருஷங்களில் அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். கடலுக்குள் நாலு கிலோமீட்டர் கணக்கில் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே, லாரி எண்ணுவதும் எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் எழுதுவதும் வேலை. பட்டம் படித்த பையன் ஒருவன் வந்து சேர்ந்தால் மறுநாளே எனக்கு மேலதிகாரி. அதற்கு ஒரே மருந்து ஏ.எம்.ஐ.இ.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் என்பது 1920-இல் சென்னையில் பதிவானது. 1935-இல் ராஜ சாசனம் பெற்றது. தலைமையகம் கல்கத்தா, எட்டாம் எண், கோகலே ரோடு. அந்த முகவரி எனக்கு என் கல்யாணத் தேதியைவிட நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுடைய ஏ.எம்.ஐ.இ. பரீட்சையில் ‘ஏ’ பிரிவு, ‘பி’ பிரிவு இரண்டும் தேறினால் வேலைக்கு பி.இ.க்குச் சமம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. கல்லூரியும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. பகலில் கான்கிரீட், ராத்திரியில் கால்குலஸ். வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சை. எனக்கோ வருஷத்துக்கு இரண்டு தடவை தோல்வி. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் “பையன் ஏ.எம்.ஐ.இ. படிக்கான்” என்று அம்மா சொல்வாள். அடுத்த வருஷம் வேறு இடத்திலிருந்து வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள்.

அப்பா சங்குகுளி. 1961-இல் எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது முத்துப் பாருக்குப் போய் வந்தவர். அதன்பிறகு முத்துச் சிப்பி கிடைக்கவில்லை, சங்கு மட்டும்தான். எடுத்து வந்த சங்கை ஓட்டை போட்ட ஒரு பலகையில் விட்டுப் பார்ப்பார்களாம். ஓட்டையில் விழாத சங்குக்குத்தான் காசு. விழுந்தது சின்னச் சங்கு. அதை உயிரோடு மறுபடி கடலில் விட வேண்டும். நான் ‘ஏ’ பிரிவில் மூன்றாம் முறை தோற்று வந்த அன்று அப்பா வலையைப் பொத்தியபடி சொன்னார்: “உன்னையும் வளந்துட்டு வரச் சொல்லிருக்காவ, அவ்வளவுதான.” கல்கத்தாக்காரர்கள்கூட என்னிடம் இத்தனை மரியாதையாகச் சொன்னதில்லை.

எட்டு வருஷத்தில் வளர்ந்தேன். அதன்பின் அதே இன்ஸ்டிடியூஷனின் சார்ட்டர்டு இன்ஜினியர் பட்டயத்துக்கு அனுபவக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. இங்கிலீஷில் ஆறு பக்கம் எழுதி, டைப் அடிக்கக் கொடுக்குமுன் எங்கள் நிர்வாகப் பொறியாளரிடம் காட்டினேன். பெரியவர் சிவப்பு மையில் கோடு கிழித்துக்கொண்டே போனார். தூண் நிறுத்தப்பட்டது, கான்கிரீட் போடப்பட்டது, தரம் சோதிக்கப்பட்டது. ஆறு பக்கத்திலும் ஒரு மனுஷன் இல்லை. கடைசிப் பக்கத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் நடந்திருக்கு. நீ என்னலே செஞ்ச?”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் நின்றபின், ஒருநாள் வந்த மணல் லோடைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். மணலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் போனால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். லாரிக்காரன் என் பரம்பரையையே திட்டினான். முதலாளி அரைநாள் கூலியைப் பிடித்தார். பெரியவர் முகம் மலர்ந்தது. “இதை எழுதுலே. நாக்கை மட்டும் விட்டுரு.” குறிப்பு ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. என் வாழ்க்கையில் நான் எழுதிய உருப்படியான ஒன்றரைப் பக்கம் அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பட்டயம் இல்லாவிட்டாலும் என்னை யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. வக்கீலுக்கும் டாக்டருக்கும் சட்டப்படி பதிவு வேண்டும். கட்டடக் கலைஞருக்கும் 1972-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. இன்ஜினியருக்கு இன்றைக்கு வரை நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. எங்கள் ஊர்க்காரர் வ.உ.சி. ஜெயிலுக்குப் போனதால் வக்கீல் சன்னத்தை இழந்தார். பின்னால் அதை மீட்டுக் கொடுத்த வாலஸ் துரையின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். ஓர் இன்ஜினியர் என்ன தப்பு செய்தாலும் பிடுங்குவதற்கு அவரிடம் சன்னத்தே கிடையாது. பிள்ளைக்குப் பேர் வைக்கும் சிரமமும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2017-இல் பொறியியல் பேரவைச் சட்டம் போட்டுப் பதிவைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நாம் இன்னும் விசிட்டிங் கார்டில் ‘இ.ஆர்.’ போட்டுக்கொண்டு திருப்தியாக இருக்கிறோம்.

ஆனால் முத்திரைக்கு மவுசு கூடிவிட்டது. துறைமுகத்தில் வெளிநாட்டுப் பழைய மிஷின் இறங்கினால் அதன் வயதையும் மதிப்பையும் சொல்லும் சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழைக் கஸ்டம்ஸ் கேட்கும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து வந்துவிட்டது. வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதுதான் ஞாபகம் வருகிறது. நாங்கள் நுழைந்த வாசலோ மூடியாகிவிட்டது. 2013 மே 31-க்குள் பேர் கொடுத்தவர்களோடு ஏ.எம்.ஐ.இ.யை பி.இ.க்குச் சமமாக எண்ணுவது முடிந்தது. இப்போது வருகிறவர்கள் எல்லோரிடமும் அசல் பட்டம் இருக்கிறது. தோற்ற கதை ஒருவரிடமும் இல்லை.

அனுபவக் குறிப்பும் அவர்களுக்கு இரண்டு நிமிஷ வேலை. செல்போனில் கேட்டால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. போன மாதம் ஐந்து பேருடையதைப் படித்தேன். உப்பளம், அனல்மின் நிலையம், கன்டெய்னர் யார்டு என்று வேலை வேறு வேறு, ஆனால் ஐந்தும் ஒரே உருண்டை, ஒரே பளபளப்பு. 1973-இல் இதே தூத்துக்குடியில் கடல் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் சிப்பிக்குள் சின்ன மணியை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அப்பா அதை முத்தென்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொள்வேன். அதிலாவது உள்ளே ஒரு மணி இருந்தது.

சிவப்பு பேனா இப்போது என் கையில். ஒரு பெண் வந்தாள்; காற்றாலை இறக்கைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலை. ‘போக்குவரத்துச் செயல்பாடுகள் உகந்த முறையில் ஒருங்கிணைக்கப்பட்டன’ என்ற பொருளில் இங்கிலீஷில் நாலு பக்கம்.

“நீ என்னம்மா செஞ்ச?”

“ஒண்ணும் பெருசா இல்ல சார்.”

மக்ரூன் பெட்டியைப் பிரித்து அவளிடமே நீட்டினேன். இரண்டாவது மக்ரூனில் வாய் திறந்தாள். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான இறக்கை. வழியில் ஒரு திருப்பம், ஓரத்தில் சுடலைமாடன் கோயில். டிரெய்லர் திரும்பும்போது வால் எங்கே வீசும் என்பதில் டிரைவர் ஒன்று சொன்னார், கம்ப்யூட்டர் ஒன்று சொன்னது. இவள் அந்தத் திருப்பத்தை அப்படியே ஒரு பொட்டலில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்து, காலி டிரெய்லரை அதில் ஓட்டவைத்து, பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். மேனேஜர் வந்து, “கோலம் போடுதியா?” என்றாராம். சாமியின் சுவருக்கும் வாலுக்கும் ஒரு முழம் மிச்சம் என்று தெரிந்தபிறகுதான் வண்டி புறப்பட்டது.

“இதை எழுதும்மா. கோலத்தை மட்டும் விட்டுரு” என்றேன்.

“அதை ஏன் சார் விடணும்?” என்றாள். விடாமலே எழுதினாள். பட்டயமும் வந்தது.

விஸ்வேஸ்வரய்யா பிறந்தநாளான செப்டம்பர் 15-இல் பொறியாளர் தினத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் என்னைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். அடக்கமாக நானே எழுதிக் கொடுத்தேன். மலரைத் தொகுப்பது அந்தப் பெண்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று அது வாட்ஸாப்பில் திரும்பி வந்தது. ‘பல முக்கியப் பணிகள் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டன’ என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், “யார் சார் செஞ்சா?”