கேள்வி-பதில்: தியரிக்காரரும் கடல் தண்ணீரும்

கே: தியரி படித்தவரால் கடற்கரைக்காரனுக்கு என்ன பிரயோஜனம்? (மீமிசல்)

ப: நெதர்லாந்துக்காரர்களைக் கேளுங்கள். 1916 ஜனவரிப் புயலில் ஸாய்டர்ஸே என்ற உள்கடல் கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. வாயிலேயே 32 கிலோமீட்டருக்கு அணை போட்டு அடைத்துவிடலாம் என்றார்கள். அடைத்தால் வெளியே இருக்கும் ஊர்களில் ஓதம் எவ்வளவு ஏறும்? அதைக் கண்டுபிடிக்க 1918-ல் அமைத்த குழுவுக்குத் தலைவர் பொறியாளர் அல்ல. 1902-ல் நோபல் வாங்கிய தியரிக்காரர் ஹென்ட்ரிக் லொரென்ட்ஸ். ஓய்வெடுக்கும் வயதில் எட்டு வருஷம் கடலோடு மல்லுக்கட்டினார். ஓடும் நீர் அடித்தரையில் உரசும் உராய்வு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வைத்துக்கொண்டு கணக்கு நகராது. ஓர் ஓதச் சுற்றில் விரயமாகும் ஆற்றல் மாறாதபடி, வேகத்துக்கு நேர்விகிதமான உராய்வை அந்த இடத்தில் வைத்தார். கணக்கு மசிந்தது. வெளியே ஓதம் நன்றாகவே கூடும் என்று விடை வந்தது. 1932-ல் அணை மூடியதும் அளந்தார்கள், பெரும்பாலும் சொன்னபடியே. பார்க்க அவர் இல்லை.

கே: நம் கடலுக்கு அது பொருந்துமா? (கோட்டைப்பட்டினம்)

ப: பாக் நீரிணையில் அன்றாட ஓதம் சின்னதுதான். பயமெல்லாம் புயல் தள்ளிவரும் தண்ணீரில். அதே காற்று, ஆழம் பாதி என்றால் கரையில் நீர் ஏறக்குறைய இரண்டு பங்கு ஏறும். நம் கடலோ பல இடங்களில் 15 மீட்டர்கூட ஆழமில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது தெரியுமே! இன்று ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு எச்சரிக்கிறது. அறிவிப்பு வந்தால் படகை மேலே ஏற்றுங்கள், வாதாட வேண்டாம்.

கே: சார்பியல் சமன்பாடுகளை லொரென்ட்ஸ் ஐன்ஸ்டீனுக்கு முன்பே எழுதினாராமே? (அறந்தாங்கி)

ப: 1904-லேயே. ஆனால் ஒளி அலை பரவ ஊடகமாக நினைத்திருந்த ஈதரை விட மனசு வரவில்லை. மறு வருஷம் ஐன்ஸ்டீன், ஈதரே வேண்டாம் என்றார். பந்தல் போட்டவர் ஒருவர், தாலி கட்டியவர் இன்னொருவர். பகை கிடையாது, 1928-ல் லொரென்ட்ஸின் கல்லறையருகே ஐன்ஸ்டீனும் பேசினார்.

கே: அவர் பேரில் எங்கள் வீட்டில் ஏதாவது? (ஜெகதாப்பட்டினம்)

ப: மிக்ஸி. அதன் மோட்டாரைச் சுழற்றுவது காந்தப்புலத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தள்ளும் விசை; அந்த விசைக்கு அவர் பெயர். சட்னிக்கு இல்லை.

கே: டச்சுத் தியரிக்கும் தமிழனுக்கும் சம்பந்தம் உண்டா? (மணமேல்குடி)

ப: உண்டு. சிதறும் ஒளியில் நிறம் மாறியதும் இருக்கும் என்பதற்கான சூத்திரத்தை 1925-ல் எழுதியவர்கள் டச்சுக்காரர் கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும். 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் அதைக் கண்ணால் கண்டவர்கள் ராமனும் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனும். நோபல் ராமனுக்கு மட்டும். ஏன் என்று கேட்டு இன்னொரு கடிதம் போடுங்கள்; பதில் ஒரு பக்கத்துக்கு வரும்.