எடைக்குப் போட முடியாத கதை

கும்பகோணத்தில் சபாபதி வீட்டுப் பரணில் இருபது வருடத் தீபாவளி மலர்கள் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கதை என்றால் அச்சில் வர வேண்டும், பக்கத்திலேயே பட்டுச்சேலை விளம்பரமும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தம்பி மகள் தேன்மொழி எல்லாவற்றையும் கைப்பேசியில் வாசிப்பவள். வாசிப்பதைவிட வேகமாக அடுத்தவர்களுக்கு அனுப்புபவள்.

“பெரியப்பா, லிங்க் ஒண்ணு அனுப்பியிருக்கேன். சிறுகதை. அவசியம் படிங்க.”

“எந்தப் பத்திரிகை?”

“இணைய இதழ். நாலஞ்சு பேரு ஆபீஸ் வேலை முடிச்சுட்டு ராத்திரி உட்கார்ந்து நடத்துறாங்க.”

“சந்தா?”

“இலவசம்.”

ரேஷன் கடை இலவச வேட்டியை வரிசையில் நின்று வாங்கியவர்தான். இலவசக் கதை என்றதும் தன்மானம் விழித்துக்கொண்டது.

“எழுதினவனுக்கு?”

“ஒண்ணும் கிடையாது.”

“காசு வாங்காதவன் என்னத்தை எழுதிக் கிழிக்கப்போறான்? நம்ம ஊர்க்காரங்களைப் பாரு. கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி! அது எழுத்து.”

“அவங்க எதுல எழுதினாங்க?”

“மணிக்கொடியில.”

“அது லாபத்துல ஓடிச்சா பெரியப்பா?”

தமிழாசிரியர் இருமினார். இருமத்தான் வேண்டும். 1933இல் தொடங்கிய மணிக்கொடி, 1935இல் பி.எஸ். ராமையா பொறுப்பில் சிறுகதை இதழானது. புதுமைப்பித்தனும் மௌனியும் அதில் எழுதினார்கள். பணமுடையும் கூடவே வந்தது. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவோ, தாம் வெளியிட்ட புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். சபாபதி வகுப்பில் நடத்திய பெரியவர்கள் பலர், கல்லாப்பெட்டிக் கணக்கில் பார்த்தால் அமெச்சூர்களே.

“செல்லப்பா மூட்டை சுமந்தார். உன் ஆளுங்க எதைச் சுமக்கிறாங்க?”

“சர்வர் வாடகையை. திண்ணைங்கிற இணைய இதழ் 1999லயே வந்துடுச்சு. சொல்வனம் 2009லேர்ந்து தன்னார்வலர்களை வச்சே நடக்குது. மலேசியாவுல வல்லினம், முதல்ல அச்சுல வந்து அப்புறம் இணையத்துக்கு மாறிடுச்சு.”

“பாத்தியா, இறக்கம்!”

“தபால் செலவு மிச்சம்.”

“படிச்சு முடிச்சதும் எடைக்குப் போட முடியுமா?”

இதற்குத் தேன்மொழியிடம் பதிலில்லை. மலர்களின் முழுப் பயனும் அவளுக்குப் புரிந்தது அப்போதுதான்.

சபாபதி விடவில்லை. “யார் வேணா அனுப்பலாம்னா குப்பை சேராதா?”

“சேரும். காசு கொடுத்தா இன்னும் சேரும். அமெரிக்காவுல கிளார்க்ஸ்வேர்ல்டுன்னு ஓர் அறிவியல் புனைகதை இதழ். நல்ல சன்மானம் தர்றவங்க. 2023 பிப்ரவரியில செயற்கை நுண்ணறிவை விட்டு எழுதவச்ச கதைங்க 500க்கு மேல வந்து குவிஞ்சு, கதை வாங்குறதையே கொஞ்ச நாள் நிறுத்திட்டாங்க.”

“இங்கே?”

“சன்மானம் இல்லாத இடத்துக்கு ரோபோகூட வராது பெரியப்பா.”

தேன்மொழி சொல்லாமல் விட்டதும் உண்டு. அச்சு இதழில் இடநெருக்கடியே பாதி ஆசிரியர் வேலையைச் செய்துவிடும். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் கத்தரி விழும். இணையத்தில் பக்கம் தீர்வதில்லை, கதையும் தீர்வதில்லை. நண்பர் கதைக்கு நண்பரே ‘உச்சம்’ என்று எழுதும் வழக்கமும் அங்கே செழிப்பாக இருக்கிறது. ஆனாலும், பெயரே கேள்விப்படாத ஒருவரின் முதல் கதைக்குப் பொறுமையாக இடம் தருவது பெரும்பாலும் இணைய இதழ்கள்தான். சினிமாச் செய்திகளுக்கு நடுவே ஒரு பக்கக் கதையைச் செருகும் வார இதழிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

“சரி, காட்டு.” சபாபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டார். “‘பார்த்து கொண்டான்’. ‘க்’ எங்கே? இதைத் திருத்தி ஆசிரியருக்கு ஒரு கார்டு போடணும். முகவரி சொல்லு.”

“முகவரியே கிடையாது. ஒருத்தர் டல்லாஸ்ல, ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருக்காங்க. மின்னஞ்சல்தான்.”

முணுமுணுத்தபடி திரையைத் தள்ளிக்கொண்டே போனார். இரண்டாவது காபி ஆறிப்போனது. தேன்மொழி இதற்குள் அதே கதையை இன்னொரு வாட்ஸப் குழுவில் ‘தவறவிடாதீர்கள்’ என்று போட்டிருந்தாள்.

“ஏம்மா, அந்தக் கிழவி தறியை விக்கக் கையெழுத்துப் போட்டுட்டாளே, மகனுக்கு அது தெரியுமா தெரியாதா? எழுதினவன் சொல்லாமயே முடிச்சுட்டான். நீ என்ன நினைக்கிற?”

“எந்தத் தறி?”

“கதை முழுக்கத் தறிதானே!”

“நான் இன்னும் முதல் பத்தியிலதான் இருக்கேன் பெரியப்பா. முதல்ல எல்லாருக்கும் அனுப்ப வேண்டியிருந்துச்சு.”