அங்சியை ஒரு சுற்று

இத்தாலியின் வடக்கே, டோலமைட் மலைகளில், மூன்று பாறைச் சிகரங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. த்ரே சீமே என்று பெயர். காலையில் கிளம்பி அவற்றைச் சுற்றி நடந்தால் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மூன்றில் உயரமானது 2,999 மீட்டர். மூவாயிரத்துக்கு ஒரே ஒரு மீட்டர் குறைகிறது. எங்கள் தோட்டத்தில் பால் நிறுத்த கிராணியை அங்கே அளக்க விட்டிருந்தால் 2,900 என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

லண்டனில் இருக்கும் அக்கா மகன் அந்த மலையின் படத்தை எனக்கு அனுப்பினான். நான் அதைத் தோட்டத்துப் பள்ளி நண்பர்களின் புலனக் குழுவில் போட்டேன். ரந்தாவ் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. குழு மட்டும் அழியாமல் இருக்கிறது. “நாமும் போனா என்ன?” என்று ஒருவர் கேட்டார். கிராணி மகன் (அவனும் ஓய்வு பெற்றுவிட்டான், ஆனாலும் கிராணி மகன்தான்) விமான டிக்கெட், தங்குமிடம், குளிர்ச்சட்டை எல்லாவற்றையும் கூட்டி, வெள்ளிக் கணக்கில் ஒரு தொகை போட்டான். அதன்பிறகு குழுவில் காலை வணக்கப் படம்கூட வரவில்லை.

மௌனத்தை உடைத்தது டிரைவர் மாமா. “நெகிரி செம்பிலான்ல மலைக்கா பஞ்சம்?”

பஞ்சமில்லைதான். ஜெலபுவில் குனோங் பெசார் ஹந்து இருக்கிறது, 1,462 மீட்டர், மாநிலத்திலேயே உயரம். பெயரில் ஹந்து, அதாவது பேய், இருப்பதால் பெண்கள் அணி முதல் சுற்றிலேயே அதை நிராகரித்தது. ஆண்கள் அணி எதிர்ப்புத் தெரிவிக்காததைக் கவனித்தேன். ரெம்பாவ் பக்கம் குனோங் டத்தோ, 884 மீட்டர். உச்சிப் பாறையில் மலாய் வீரன் ஹங் துவாவின் காலடி பதிந்திருப்பதாகக் கதை. ஆனால் கடைசியில் ஏணி ஏற வேண்டும். ஹங் துவாவுக்கு முட்டி வலி இருந்ததாக எந்தக் கதையும் சொல்லவில்லை. போதாததற்கு ஏறிய வழியிலேயே இறங்க வேண்டியிருக்கும்; நமக்கு வேண்டியதோ வட்டம்.

மிஞ்சியது அங்சி. 825 மீட்டர். சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில், உலு பெண்டுல் ஆற்றங்கரையிலிருந்து ஒரு பாதை, புக்கிட் புத்துஸ் கணவாயிலிருந்து இன்னொரு பாதை. இரண்டும் உச்சியில் சந்திக்கின்றன. ஒன்றில் ஏறி, மற்றொன்றில் இறங்கி, வளைந்து வளைந்து போகும் பழைய சாலை வழியாகத் திரும்பினால் வட்டம் முடிந்தது. காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

திட்டமிட ரந்தாவில் ஒரு கடையில் கூடினோம். முதல் பொருள், புறப்படும் நேரம். இந்த நாட்டில் மத்தியானத்துக்குப் பிறகு மலை மேல் எப்போது இடி இடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே விடியலில் ஏறத் தொடங்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. “பெரட்டு நேரம், ஐந்தரை” என்றார் மாமா. “பழைய ஐந்தரையா, புது ஐந்தரையா?” என்று கேட்டான் கிராணி மகன். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சூரியனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அதனால் அன்றைய பெரட்டு ஐந்தரை இன்றைக்கு ஆறு மணி. மாமா இதை ஏற்கவில்லை. ஐந்தரை என்றால் ஐந்தரைதான், அரசாங்கம் என்ன சொன்னாலும். தே தாரேயும் ரொட்டி சானாயும் இரண்டு முறை வந்துபோன பிறகு, ஐந்தரையை விட்டுக்கொடுக்காதவர்கள் அரை மணி முன்னதாக வந்து காத்திருக்கலாம் என்று முடிவாயிற்று.

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு நடக்கத் தெரியும், ஏறத் தெரியும், சுமக்கத் தெரியும். திட்டம் போடத்தான் தெரியாது. இரண்டு மூன்று தலைமுறையாக அந்த வேலையைத் துரையும் கங்காணியும் செய்தார்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போவோம். இப்போது கூப்பிட ஆளில்லை என்றதும் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் கங்காணி ஆகிவிட்டார்கள். வேலைக்காரன் பதவிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இரண்டாவது பொருள் சாப்பாடு. இதில் விவாதமே இல்லை, ஏலம்தான் நடந்தது. ஒருவர் நாசி லெமாக் என்றார், அடுத்தவர் புளிசாதம் என்றார், அக்கா கோழிப் பிரட்டல் என்று சொல்லி ஏலத்தை முடித்தார். அத்தோடு, உச்சியில் சுடச்சுட கோப்பி கலக்க ஒரு கேஸ் அடுப்பு.

நான் வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். “சோத்த எடுத்துக்கிட்டுக் காட்டுக்குள்ளயா?” என்று பதறிவிட்டார். அவருக்குள் இன்னும் அவசரகாலம் முடியவில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, வேலிக்கு வெளியே வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். பல இடங்களில் ஒரு பொட்டலம் சோறு கொண்டுபோவதே குற்றம். அன்று அந்த வாசலில் நின்ற சிறுமிக்கு இன்று கோழிப் பிரட்டலும் கேஸ் அடுப்பும் எப்படி விளங்கும்?

மலையில் சமைப்பதன் ஆபத்துக்கு அம்மாவுக்கும் முந்திய சாட்சி ஒன்று உண்டு, அதுவும் நாங்கள் போகிற அதே இடத்தில். 1875-இல் மலாய் ஆட்சியாளர் யாம் துவான் அந்தாவின் ஆட்கள் ஆங்கிலேயரைத் தடுக்கப் புக்கிட் புத்துஸ் கணவாயில் மரக்கோட்டை கட்டியிருந்தார்கள். டிசம்பர் 20-ஆம் தேதி, வேவு பார்க்க அனுப்பப்பட்ட கேப்டன் சேனர் ஒரு சிறு கூர்க்காக் கூட்டத்தோடு காட்டுக்குள் சுற்றி, கோட்டைக்குப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தார். உள்ளே பேச்சுக் குரல் கேட்கிற தூரம். காவலுக்கு ஒருவரும் இல்லை, எல்லாரும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சேனர் முதல் ஆளாக உள்ளே குதித்தார், கோட்டை விழுந்தது, அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்த மலைக்காட்டில் சுற்றுவழி நடை போட்டுப் பதக்கம் வாங்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். இதைக் கூட்டத்தில் சொன்னேன். அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: “என்னடா சமைச்சிருப்பாங்க?”

மூன்றாவது சிக்கலைக் கொண்டுவந்தவர் பெரியம்மா. மலையைச் சுற்றுகிறோம் என்ற செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போய், கிரிவலம் என்று பதிவாகிவிட்டது. தவறு என்று சொல்ல முடியாது. மலையைச் சுற்றி ஒரே நாளில் நடந்து புறப்பட்ட இடத்துக்கு வருவதை ஆல்ப்ஸ்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. திருவண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் கூட்டம் கூட்டமாக, எந்தக் கூட்டமும் போட்டுத் திட்டமிடாமல் நடக்கிறார்கள். அண்ணாமலை 814 மீட்டர், அங்சி அதைவிடப் பதினொரு மீட்டர் கூட. இந்தக் கணக்கை நான் பெரியம்மாவிடம் சொல்லாமல் விட்டேன், சாமி விஷயம்.

“அப்ப செருப்புப் போடக் கூடாது” என்றார் பெரியம்மா. பாதையில் அட்டை இருக்கும் என்றேன். “சாமி பாத்துக்கும்.” பிறகு வரைபடத்தைக் காட்டி, இந்தப் பக்கம் ஏறி உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்குவோம் என்று விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. “சுத்துறதுன்னா சுத்து. ஏறுறதுன்னா ஏறு. சாமி தலையில கால வெச்சிட்டு வலம் வந்தேன்னு சொல்லுவியா?” சாஸ்திரப்படி இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரியம்மா விலகிக்கொண்டார். ஆனால் எடுத்துப்போக விபூதி கொடுத்திருக்கிறார்.

காலணி விவாதத்தை விரிவாக எழுதினால் இந்த இதழ் போதாது. என் மகன் நானூறு வெள்ளிக்கு மலையேறும் காலணி வாங்கி வந்தான், நீர் புகாதாம். உள்ளே போன நீர் வெளியேயும் வராது என்பதை அட்டைப்பெட்டியில் அச்சிடவில்லை. எங்கள் கட்சி கறுப்பு ரப்பர் காலணிக் கட்சி. அடிடாஸ் கம்போங் என்று நாடே கேலியாகவும் செல்லமாகவும் கூப்பிடுவது. அடியில் முள் வைத்தாற்போல் குமிழ்கள், சேற்றில் வழுக்காது, கழுவினால் காய்ந்துவிடும். பால் வெட்டப் போகிறவர்கள் போட்டது. இப்போது மலையேறிகள் தேடித்தேடி வாங்குகிறார்கள். அட்டைக்கு மருந்தும் எங்களிடம் உண்டு: புகையிலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்துக் கணுக்காலில் தடவுவது. மகன் அதற்கும் ஒரு தெளிப்பான் வாங்கியிருக்கிறான். எலுமிச்சை வாசனை.

வட்ட நடை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. பால் வெட்டிய காலத்தில் அம்மாவுக்கு மேட்டு நிரை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டி ஒரு சுற்று. வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது என்பதால் ஓட்டமும் நடையுமாக. பசியாறிவிட்டு, மங்குகளில் சேர்ந்த பாலை எடுக்க, அதே மரங்களை அதே வரிசையில் இன்னொரு சுற்று. பிறகு காண்டாவில் இரண்டு வாளி தொங்க, மேட்டிலிருந்து நிறுவைக்கு இறக்கம். பயண நிறுவனங்கள் இன்று காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற வட்டப் பாதை நடையை அவர் தினம் இரண்டு முறை சம்பளத்துக்கு நடந்தார், மழை நாள் நீங்கலாக. அங்கிருந்து காட்சி எப்படி இருக்கும் என்று கேட்டேன். “காட்சியா? பட்டையத்தான் பாத்தேன். கத்தி ஆழமாப் போனா மரம் காயப்படும், அப்புறம் கங்காணி கத்துவாரு” என்றார். டோலமைட் படத்தையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். “ஒரு மரம்கூட இல்லையே. இங்க எதுக்குப் போறாங்க?”

ஒருவழியாகத் திட்டம் இறுதியாகிவிட்டது என்றே சொல்லலாம். வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பம் எழுதியாயிற்று. அது இல்லாமல் ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அவசரத்தில் யாருக்குத் தகவல் சொல்வது என்ற இடத்தில் எல்லாரும் கூட வருகிற இன்னொருவரின் எண்ணைக் கொடுத்திருந்தோம். கிராணி மகன் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினான். திசையும் முடிவாகிவிட்டது: புக்கிட் புத்துஸில் ஏறி, உலு பெண்டுலில் இறங்குவது. காரணம் புவியியல் அல்ல. உலு பெண்டுலில் குளிக்க ஆறும் சாப்பிடக் கடையும் இருக்கின்றன.

பழைய சாலையில் மத்தியான வெயிலில் தாரை மிதித்துத் திரும்ப வேண்டுமே, அதுதான் பாக்கி. முட்டிகள் வாக்களித்தன, தார் நடை தோற்றது. ஆக இரண்டு கார் வேண்டும்; ஒன்று மேலே கணவாயில், ஒன்று கீழே ஆற்றங்கரையில். யார் எதில் போவது, எதில் வருவது, எந்தச் சாவி யார் பையில் என்று டிரைவர் மாமா புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கு மாதிரி மேசையில் மைலோ குவளைகளை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். குவளைகள் எல்லாம் சரியாகக் கரை சேர்ந்தன. அப்போது அத்தை வாயைத் திறந்தார்: “அட்டை ஒட்டின காலோட ஒருத்தனும் என் மைவியில ஏறக் கூடாது.”

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிரம்பான், ரந்தாவ், சிலியாவ் வட்டாரத்தில், இருக்கைத் துணியைப் பற்றிக் கவலைப்படாத பழைய வேன் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள். எண்ணெய்க் காசு நாங்கள் தருகிறோம். கோழிப் பிரட்டல் அக்கா கைப்பக்குவம். புறப்பாடு ஐந்தரைக்கு, பழைய நேரமா புதிய நேரமா என்பதை மட்டும் மாமாவிடம் கேட்காதீர்கள்.